விரல் உயராத இருபது வாக்கியங்கள்

1

நூற்பாலைப் பணி ஓய்வாளர்களுக்காக வெளிவரும் நமது காலாண்டு மடலில் சென்ற ஆண்டு நான் எழுதிய குறிப்பொன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. எழுபத்து மூன்றாம் வயதில், தொடக்கநிலைச் சீனத்தில் இருபது வாக்கியங்களை ஒரு பிழையுமின்றிச் சொல்லி முடித்தேன் என்று அதில் எழுதியிருந்தேன். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் நண்பர்கள் பலர் பாராட்டி எழுதினர். ஒருவர் என் குறிப்பைத் தம் பேரன்களுக்கு வாசித்துக் காட்டியதாகவும் தெரிவித்திருந்தார்.

அந்தச் செய்தி உண்மையன்று. இருபதில் ஏழு பிழை. அந்த ஏழு பிழையையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என்று நான் நம்பியவர் அப்போது கேட்டுக்கொண்டிருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சென்ற வாரத்தோடு அந்த நாளுக்கு ஓராண்டு நிறைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன், தன் பெயரில் வெளியான குறைபாடுள்ள சரக்கைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் முறை.

2

மகன் வேலை பார்ப்பது கிழக்குச் சீனத்தில், ஒரு நதியோர நகரத்தில், நூற்பு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில். என் மனைவி காலமான பின்னர் அவனோடு வந்து சேர்ந்தேன். ஆறாண்டுகள் ஆகின்றன. எங்கள் குடியிருப்பின் சங்கத்தார், அயல்நாட்டு முதியவர்களுக்கு உள்ளூர் முதியவர் ஒருவரைப் பேச்சுத் துணையாக அமர்த்தித் தருவார்கள். எனக்கு வாய்த்தவர் எதிர்க் கட்டடத்தின் நான்காம் தளத்தில் தனியாக வசித்த திரு. ஷென். எண்பதைக் கடந்தவர். அவரும் நூற்பாலைக்காரர், கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. ராஜபாளையத்தில் அதே பலகையை நானும் கையில் பிடித்தவன். முதல் நாளே இருவரும் ஒருவர் விரல்களை மற்றவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் கற்பித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் சொற்களுக்கு உருபு உண்டு. 'நான் நேற்று மடவார் வளாகத்தில் அக்காவைப் பார்த்தேன்' என்பதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பார்த்தவன் நான், பார்க்கப்பட்டவள் அக்கா. சீனத்தில் உருபு கிடையாது. சொல் நிற்கும் இடமே அதன் பொருளைத் தாங்குகிறது. யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், எதை. இதுதான் வரிசை. நான், நேற்று, மடவார் வளாகத்தில், பார், அக்கா. நானும் அக்காவும் இடம் மாறினால் பார்த்தவள் அக்காவாகிவிடுவாள். காலச்சொல் மட்டும் விரும்பினால் முதலில் வந்து நிற்கலாம். வினைக்குப் பின்னால் போகக் கூடாது. பஞ்சைப் பிரிக்கும் புளோரூமில் பிரியாதது சிக்கெடுக்கும் கார்டிங்கிற்குப் போகாது, கார்டிங் ஆகாதது இழையை நீட்டும் டிராயிங்கிற்குப் போகாது என்று நான் மனத்தில் பதித்துக்கொண்டேன்.

தமிழன் இடறும் இடம் வினை. நம் வினை கடைசியில் வரும். வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும். அவர்களுடையது நடுவிலேயே வந்துவிடும். தேநீரை அவர்கள் 'ச்சா' என்கிறார்கள், குடிப்பதை 'ஹே', என்னை 'வோ'. 'வோ ஹே ச்சா' என்றால் நான் தேநீர் குடிக்கிறேன். என் நாவு 'வோ ச்சா ஹே' என்றுதான் போகும். கேள்வியில் மட்டும் ஆறுதல் உண்டு. வரிசையைத் தொடாமல் கடைசியில் 'மா' என்று ஒட்டினால் போதும், நாம் 'வந்தாய்' என்பதை 'வந்தாயா' ஆக்குவதைப் போல. மறுப்பு நமக்கு நேர்மாறு. நாம் இல்லை என்பதைக் கடைசிவரை வைத்திருந்து சொல்கிறோம். அவர்கள் வினைக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை அப்போது நான் சாதாரணமாகத்தான் குறித்துக்கொண்டேன். அவர்கள் வினை காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்', 'அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார்' என்று தமிழ் கட்டாயமாகப் பிரித்துச் சொல்லவேண்டியதை அவர்கள் ஒரே சொற்களால் சொல்லிவிட முடியும்.

3

எங்கள் பாடம் நடந்த முறையை அறியாதவருக்கு, பின்னால் நடந்தது விளங்காது.

மதிய உணவுக்குப் பின் பன்னிரண்டு மணிக்கு அவர் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு உறங்குவார். மூன்றரைக்குத் தாழை நீக்கிவிட்டு, சன்னலை நோக்கிய உயர்முதுகு நாற்காலியில் அமர்ந்துவிடுவார். நான்கு மணிக்கு நான் கதவைத் தள்ளி உள்ளே போவேன். எழுந்து வரவேற்கும் வழக்கமில்லை, மூட்டுவலி. அவருக்குப் பின்னால் இருக்கும் மேசையில் அமர்ந்து என் குறிப்பேட்டை உரக்க வாசிப்பேன். எனக்குத் தெரிவது நாற்காலியின் முதுகும், கைப்பிடியில் கிடக்கும் அவருடைய வலக்கையும்தான். பிழை வந்தால் சுட்டுவிரல் உயரும். நான் திருத்திச் சொன்னதும் தாழும். பிழையில்லையேல் ஒன்றுமில்லை.

இது எங்களுக்கு விசித்திரமாகப் படவில்லை. ஸ்பின்னிங் கூடத்தின் இரைச்சலில் வாயால் சொல்லிப் பயனில்லை. குறை கண்டால் விரல், இல்லாவிட்டால் அடுத்த நூற்புக் கதிருக்குப் போய்விட வேண்டும். ராஜபாளையத்தில் என் மேலதிகாரி ஒருவரின் கீழ் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். ஒருநாளும் நன்று என்று அவர் சொன்னதில்லை. அவர் விரல் அசையாமல் போன நாள்களை நான் விருதுகளாக எண்ணி வைத்திருக்கிறேன். வேறு தொழிலிலிருந்து வந்த எவரும், நான் சொல்லப்போகும் அந்த நாளில், இரண்டாம் வாக்கியத்திலேயே எழுந்து போய்த் திரு. ஷெனின் முகத்தைப் பார்த்திருப்பார்.

அவர் என்னைச் சங்கரலிங்கம் என்றே அழைத்தார். அது என் தந்தையின் பெயர். குடும்பப் பெயர் முதலில், தன் பெயர் பின்னால் என்பது இவர்கள் வரிசை. நாட்டிலிருந்து மாகாணம், நகரம், தெரு, வீடு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரும் முகவரியைப் போல. என் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுதப்போய், வதிவிட அனுமதி அலுவலகம் தந்தையின் பெயரை முன்னால் நிறுத்திவிட்டது. திருத்தக் கோரி மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் படிவம் சரியாகவே இருப்பதாகப் பதில் வந்தது. சேத்தூரில் வயலை உழுது என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அந்த மனிதர் இறந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. இங்கே ஒவ்வொரு அலுவலகச் சாளரத்திலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து போவது நான்.

4

அன்று நான்கு மணிக்குக் கதவைத் தள்ளினேன். திறந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: தள்ளினேன், திறந்தது.

சன்னல் வெளிச்சம், நாற்காலியின் முதுகு, கைப்பிடியில் கை. வணக்கம் சொல்லிவிட்டு அமர்ந்தேன். பத்து நாள் உழைத்து எழுதிய இருபது வாக்கியங்கள். எல்லாம் ஊர்ச் செய்திகள். அக்கா மாலையில் மடவார் வளாகத்துக் கோயிலுக்குப் போகிறாள். என் தந்தை அதிகாலையில் சேத்தூரில் நெல் நடுகிறார். நான் ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் தேநீர் குடிக்கிறேன். இறந்தவரும் இருப்பவரும் ஒரே வினையில் நின்றார்கள்.

ஒவ்வொன்றுக்கும் பின் நிறுத்தி விரலைப் பார்த்தேன். அசையவில்லை. பத்தைக் கடந்ததும் என் குரல் உயர்ந்தது. பதினைந்தைக் கடந்ததும், வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அந்த மேலதிகாரி இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அறை வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. சன்னல் சற்றுத் திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இருபதாவது, அவருக்கு மரியாதையாக நான் எழுதி வைத்திருந்தது: திரு. ஷென் இன்று வீட்டில் அமர்ந்திருக்கிறார்.

விரல் உயரவில்லை.

எழுந்து, இன்னொரு வாக்கியமும் வரிசை தவறாமல் சொன்னேன்: நான், நாளை, இங்கே, வருகிறேன். கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். படியிலேயே நின்று, நமது ஓய்வாளர் வாட்ஸப் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். மடலில் பின்னர் வெளியானது அதன் விரிவுதான்.

5

என் பேத்தி யாழினிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் சீனம், வீட்டில் என் பொருட்டுத் தமிழ். அவள் தமிழில் சொற்கள் சீன வரிசையில் நடக்கும். 'நான் சாப்பிட்டேன் தோசை' என்பாள். அவள் தமிழைத் திருத்துவதை நான் நிறுத்தி நெடுநாளாகிறது. திருத்தினால் அவள் சீனத்துக்கே போய்விடுகிறாள்.

அன்று மாலை குறிப்பேட்டை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தாள். பென்சில் நின்று நின்று போயிற்று.

"தாத்தா, இதுல ஏழு தப்பு."

இருக்க முடியாது என்றேன். திரு. ஷென் முழுவதையும் கேட்டார், ஒன்றையும் மறுக்கவில்லை என்றேன்.

"வெர்ப் கடைசில போயிருச்சு, பாருங்க. 'நான் தேநீர் குடி'னு இருக்கு. இதெல்லாம் ரொம்ப ஈஸி தப்பு. அவர் தூங்கிட்டாரா நாற்காலில?"

சமையலறைச் சன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தின் நான்காம் தளம் தெரியும். விளக்கேற்றும் நேரம் கடந்திருந்தது. அவர் சன்னல் மட்டும் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் நாற்காலி தெரிகிறதா என்று பார்க்க முடியவில்லை; பார்க்க நான் முயலவும் இல்லை. முதியவர், விளக்கின்றி அமர்ந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் போய்த் திரும்பிவிடும் தூரம். போய்க் கதவைத் தட்டி, ஐயா, ஏழு பிழையை ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டியிருந்திருக்கும். குழுவில் அதற்குள் பதினேழு பேர் வாழ்த்தியிருந்தார்கள். நான் போகவில்லை.

6

மறுநாள் நான்கு மணிக்குத் தள்ளினேன், கதவு அசையவில்லை. தட்டினேன். பக்கத்து வீட்டம்மாள் வந்தார், பின் சங்கத்துப் பெண்மணி வந்தார், பின் பூட்டுத் திறப்பவர். உள்ளே தாழ் விழுந்திருக்கிறது என்றார் அவர். அறுத்துத்தான் திறந்தார்கள்.

நாற்காலியில்தான் இருந்தார். முந்தைய நாள் நண்பகல் வாக்கில் உயிர் பிரிந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். அதாவது நான் வாசிக்கத் தொடங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்பு. அவர் தாழிட்டுக்கொண்ட பிறகு. அப்படியானால் எனக்குக் கதவு திறந்திருக்கக் கூடாது. நான் வந்தபோது உயிரோடிருந்து, நான் போன பிறகு தாழிட்டார் என்றால், ஏழு முறையும் அந்த விரல் உயர்ந்திருக்க வேண்டும்.

சங்கத்துப் பெண்மணி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் கேட்டார். கடைசியாக அவரோடு இருந்தவர் யார், எப்போது, எங்கே, என்ன செய்தார். பாடத்தில் நான் படித்த அதே வரிசை. என்னிடம் வந்ததும், நேற்று வந்தீர்களா என்றார்.

இரவல் நாட்டில் வசிக்கும் ஒருவன், தாழிட்ட கதவுக்குள் போய்ப் பிணத்திடம் நாற்பது நிமிடம் பாடம் வாசித்தேன் என்று என்ன முகத்தோடு சொல்வது? மகனின் பெயர் இருந்தது, வதிவிட அனுமதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அசைவின்மையை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்பது இருந்தது.

"நான் நேற்று வரவில்லை," என்றேன்.

மறுப்பு வினைக்கு முன்னால் போய்த் தானாக நின்றது. சீனத்தில் நான் யோசிக்காமல் சரியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். படிவத்தில், உடனிருந்தவர் எவருமில்லை என்று எழுதினார்கள்.

மாலையில் அவர் மகள் வேறு நகரத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுப் பெண். யாரிடமும் சத்தமாக அழவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்டார்: அப்பா தனியாகவா இருந்தார்? என்னிடமும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

7

அதன்பின் ஓராண்டு அந்த மகள் மாதந்தோறும் சங்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்று யாரேனும் அப்பாவைப் பார்த்ததாக இப்போதாவது சொன்னார்களா என்று கேட்டுவந்தார். சங்கத்துப் பெண்மணி அதை ஒவ்வொரு மாதமும், நான் மின்தூக்கியில் அகப்படும்போதெல்லாம், இரக்கத்தோடு என்னிடம் சொல்வார்.

நான் சீனம் படிப்பதை விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்கள். நான்கு மணிக்கு என் அறையில் அமர்ந்து உரக்க வாசிப்பேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் என்னையறியாமல் நிறுத்துவேன். அந்த இடைவெளிகள் நாளாக ஆக நீண்டன. நான் காத்திருப்பது பழக்கத்தால் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் எதிரிலுள்ள நாற்காலியில் சட்டை போட்டிருந்தால் எடுத்துவிடுவேன். அதன் கைப்பிடியில் எதுவும் கிடக்கக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வசிக்கும் என் அக்காவுக்கு எண்பது வயது. அவளிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏலே, பொணத்துக்கிட்டயா பாடம் ஒப்பிச்ச?" என்றாள். "அய்யா ஒன்னய காலேசுக்கு அனுப்புனது இதுக்குத்தானா?"

பின் அவளே தொடர்ந்தாள்.

"கெளம்பும்போது என்ன சொல்லிட்டு வந்த?"

நாளைக்கு வாரேன் என்று சொன்னதைச் சொன்னேன்.

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவது நம்மில் கிடையாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செட்டியார்பட்டியில் ஒரு தொழிலாளி வீட்டுத் துக்கத்தில், வாய்ப்பழக்கமாக 'வாரேன்' என்று நானே சொல்லிவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தார். அரைமணி கழித்து, "இப்பப் போங்க, வாயத் தெறக்காம" என்றார்.

"அது தெரியாமச் சொன்னதுதானே அக்கா," என்றேன்.

"நீ தெரியாமச் சொன்ன. அவிய தெரிஞ்சில்ல கேட்டிருப்பாக. நாளைக்கு வாரேன்னவன் மறுநா வந்து, நேத்து நான் வரவே இல்லைன்னும் சொல்லியிருக்கான். எந்த மனுசன் அம்புட்டையும் பொறுத்துக்கிட்டு இருப்பாரு?" பின் குரலைத் தணித்தாள். "செத்தவர விடு. அந்தப் பொம்பளப் புள்ள என்னடா பாவம் செஞ்சா? ஒன் மானம் அவ்வளவு ஒசத்தியா? போயிச் சொல்லு."

8

சென்ற வாரம் திரு. ஷெனின் மகள், ஆண்டு நிறைவுக்காக வந்தவர், வீட்டையும் காலி செய்யப்போவதாகச் சங்கத்துப் பெண்மணி சொன்னார். யாழினி துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாமென்றேன். பிறர் வாயால் சொல்லக்கூடிய செய்தியன்று அது.

வீட்டில் பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை. நான் மேசையருகில் நின்றபடியே தொடங்கினேன். நான், அன்று, நான்கு மணிக்கு, இந்த வீட்டில், வாசித்தேன், பாடம். அன்று வரவில்லை என்று சொன்னது பொய். மாலையில் எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தும் நான் வரவில்லை. ஏழு பிழைகளையும், விரலையும், கதவையும் சொன்னேன். இடையில் வினைகள் மீண்டும் கடைசிக்கு ஓடின. அவர் திருத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். எவ்வளவு நேரம் என்பது அவர்கள் மொழியில் வினைக்குப் பின்னால் வருவது. இருந்தேன், நாற்பது நிமிடம் என்றேன்.

அவர் பெட்டியொன்றின்மேல் அமர்ந்தார். நெடுநேரம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சங்கரலிங்கம் சித்தப்பா," என்றார் கடைசியில், "மருத்துவர் மணியைத் தவறாகக் கணித்திருக்கலாம் இல்லையா? நீங்கள் வந்தபோது அப்பா இருந்திருக்கலாம். நீங்கள் போன பிறகு அவரே தாழிட்டிருக்கலாம்."

இருக்கலாம் என்றேன். அவருக்கு அது ஆறுதலென்றால் அப்படியே இருக்கட்டும் என்றும் எண்ணினேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். முகத்தில் சிரிப்புப் போன்ற ஒன்று வந்து நின்றது.

"என் பள்ளிக் கட்டுரைகளை அவர் பார்த்த விதம் எனக்குத் தெரியும். செத்தவர் எழுந்து உங்களுக்குக் கதவைத் திறந்தார் என்றால் நம்புவேன். அப்பா ஏழு தப்பை விட்டுவிட்டார் என்றால் நம்ப மாட்டேன்."

இருவரும் கதவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருவருமே தீர்மானித்துக்கொண்டதைப் போலிருந்தது. வெளியே யாரோ படியேறிப் போனார்கள். அந்தக் காலடி மேல்தளத்துக்குப் போய் ஓயும்வரை பேசவில்லை.

பிறகு அவர் பையிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்தார். ஓராண்டாக மடித்து மடித்து ஓரங்கள் பஞ்சாகியிருந்தன. எவருமில்லை என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். அலுவலகத்துக்கு அல்ல, எனக்கு வேண்டும் என்றார்.

எழுதினேன். என் பெயரைச் சங்கரலிங்கம் என்றே, அவர்கள் வரிசையில். தேதியை, மணியை, வீட்டை. வினைக்கு வந்ததும் பேனா நின்றது. வாசித்தேன் என்று எழுதலாம். சந்தேகித்தேன் என்றும் எழுதலாம். உடனிருந்தேன் என்று எழுதினேன்.

அவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இனி நான் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, சரியா என்று வாய்திறந்து கேட்டேன்.

"சரி," என்றார்.